‘சங்கீதச் சிறை’க்குத் தங்கச்சிமடம் சொன்ன பதில்

போன மாசம் ராமநாதபுரத்துல நான் வேலை பார்த்த தியேட்டருக்கு ஒரு சோலியாப் போயிருந்தேன். சோலி என்ன சோலி, சும்மா போனேன். ரிட்டயர்டு ஆனவனுக்கு வேற போக்கிடம் ஏது? கேபினுக்குள்ள போனா ஒரே குளிர். ரீலும் இல்ல, வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சியும் இல்ல, ஒரு பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. பக்கத்துல ரெண்டு பயலுக செல்போனை நோண்டிக்கிட்டு இருக்கானுக. படம் இன்னும் இடைவேளைக்கே வரல. அதுக்குள்ள ஒருத்தன், "பாய், படம் அவுட்டு. ரெண்டு ஸ்டாருதான் போட்டிருக்கான்"ங்கிறான். "எவன்டா போட்டது?"ன்னேன். "சென்னையில ஒருத்தன்"னான். கீழ எட்டிப் பாத்தா சனம் விழுந்து விழுந்து சிரிக்குது.

"ஒங்க காலத்துல ஸ்டாரு கிடையாதே, ஒரு படம் தேறுமா தேறாதான்னு எப்படிப் பாய் கண்டுபிடிப்பீங்க?"ன்னான் இன்னொருத்தன்.

"கடலைத் தொலிய வச்சு"ன்னேன்.

கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிருப்பான். நெனச்சுட்டுப் போறான். அவனுக்கு விளக்கமாச் சொல்றதுக்குள்ள இடைவேளை மணி அடிச்சிருச்சு. ஒங்களுக்குச் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊரு பெரியபட்டினம். வாப்பா சங்கு வியாபாரம். மகன் கப்பலேறி நாலு காசு பாப்பான்னு அவரு நெனச்சாரு, நான் சினிமாக் கொட்டகையில படப்பெட்டி தூக்கப் போனேன். "அடப்பாவி, ஹராமான எடத்துலயா சோறு திங்கப் போற?"ன்னு உம்மா அழுதாங்க. கார்பன் குச்சி மாத்திக் கை சுட்டது, பெரிய ஆபரேட்டர்கிட்டக் குட்டு வாங்குனது, லைசென்ஸ் பரீட்சைக்கு அலைஞ்சது எல்லாம் எல்லா ஆபரேட்டருக்கும் நடந்ததுதான், அதச் சொல்லி ஒங்க நேரத்தக் கெடுக்க மாட்டேன். சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்துல ஒரு முதலாளி தங்கச்சிமடத்துல டூரிங் டாக்கீஸ் போட்டாரு. என்னை ஆபரேட்டரா வச்சுக்கிட்டாரு.

கீத்துக் கொட்டகை, மணல் தரை. ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம், நடுவுல இடுப்பளவுக்கு ஒரு தட்டி. முன்னால இருக்கிறவன் தலை மறைச்சா மணலக் குமிச்சு மேட்டுல ஏறி உக்காந்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. சாயங்காலம் மாதா கோயில் மணி அடிச்சு செபம் முடியுற வரைக்கும் எங்க கொழா ஸ்பீக்கர் வாயைத் தொறக்கக் கூடாது. அது சாமியாருக்கும் முதலாளிக்கும் ஒப்பந்தம். அதுக்கப்புறம் மாதா பாட்டு ஒண்ணு, முருகன் பாட்டு ஒண்ணு, இஸ்லாமியப் பாட்டு ஒண்ணு. மூணும் முடிஞ்சாத்தான் டிக்கெட்டு. ஒரு தடவை இசைத்தட்டு கீறிப்போய் முருகன் பாட்டை விட்டுட்டேன், ராமேஸ்வரத்துல இருந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போனாங்க.

எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு புரொஜக்டர். அதனால ஒவ்வொரு ரீலு முடிஞ்சதும் வெளக்கப் போட்டுட்டுத்தான் அடுத்த ரீல மாட்ட முடியும். அந்த நேரத்துல கொட்டகையில நடக்கும் பாருங்க பேச்சு! கதாநாயகன் செஞ்சது சரியா தப்பா, வில்லன் யாரு வீட்டு மருமகன் மாதிரி இருக்கான், அடுத்து என்ன நடக்கும்னு ஊரே வழக்குப் பேசும். நான் சீக்கிரம் மாட்டிட்டா, "ஏ பாய், பொறு, பேசி முடிச்சுக்கிறோம்"னு சத்தம் வரும்.

முதலாளியப் பத்திச் சொல்லணும். அவரு தன் கொட்டகையில ஒரு படம் கூட முழுசாப் பாத்தது கிடையாது. திரைக்குப் பக்கத்துல ஒரு மடக்கு நாற்காலியப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சனத்தப் பாத்து உக்காந்திருப்பாரு. வாயில வெத்திலை, கண்ணு மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் போகும். "ஏன் மொதலாளி, திரும்பிப் பாக்கக் கூடாதா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "அங்கன ஓடுறது பொய்யி. இங்கன ஓடுறதுதான்யா நெசம்"னாரு. ஆட்டம் முடிஞ்சதும் அரிக்கேன் லைட்டத் தூக்கிக்கிட்டு மணல்ல ஒரு நடை நடப்பாரு. கடலைத் தொலி கணுக்கால் மூடக் கெடந்தா படம் படுத்துருச்சு. தொலி கொறைச்சலா, மணலு கலையாமக் கெடந்தா சனம் திங்க மறந்துருச்சு, படம் நின்னு ஓடும். நான் பாத்தவரைக்கும் அந்தக் கணக்குத் தப்புனதே இல்ல. அவரு கோவப்பட்டும் நான் பாத்ததில்ல. கோவம் வந்தா வெத்திலைய மெல்லுறத நிப்பாட்டுவாரு, அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ‘சங்கீதச் சிறை’ வந்துச்சு.

கதை இதுதான். ஒரு பாட்டுக்காரப் பொண்ணு. தீவுக்கோட்டை ராசா ஒருத்தன், "எனக்கு மட்டும் பாடு"ங்கிறான். மாட்டேங்கிறா. கடலோரக் கோட்டையில பூட்டி வைக்கிறான். அவளைக் கட்டிக்க இருந்த படகுக்காரன் படகை எடுத்துக்கிட்டு அவளத் தேடி கோட்டையச் சுத்தறான். மெட்ராசுல இந்தப் படத்தக் கிழிச்சுத் தொங்கப் போட்டிருந்தாங்க. கதாநாயகி சிறைக்குள்ள போனவ கடைசி ரீலுக்குத்தான் வெளிய வாரா, படம் பாத்தவங்களும் அப்படித்தான்னு ஒரு வாரப் பத்திரிகை எழுதுச்சு. பாட்டைப் பத்தி எழுதுனது இன்னும் மோசம். சிறையில அவ பாடுற பாட்டு அடிக்கடி நின்னு போகுது, இசையமைச்சவரு நடுவுல தூங்கிட்டாரு போலன்னு எழுதியிருந்தாங்க. மதுரையில ஒரு வாரம் கூடத் தாங்கல. தோத்த படம்கிறதாலதான் எங்க முதலாளிக்குச் சல்லிசாக் கெடச்சுச்சு.

பெட்டி ரயில்ல வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே மிக்கேலு கேபினுக்கு ஓடியாந்தான். தங்கச்சிமடத்துப் பய, எனக்குச் சேக்காளி. முன்னால கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சவன். மெட்ராசுக்குப் போயிச் சினிமாவுக்குப் பாட்டுக் கட்டுறான்னு ஊருக்குத் தெரியும். எந்தப் படம்னு தெரியாது, அங்கன பேரை மாத்தி வச்சுக்கிட்டான். இப்ப ஊருக்கு வந்து மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்.

"பாய், அந்தப் படம் வேண்டாம்னு ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லேன்."

"ஏன்லே?"

"அந்தத் தூங்குன ஆளு நான்தான்."

எனக்குச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. அவனுக்கு மொதப் படம் அது. மெட்ராசுல ஒரு வாத்தியக் குழுவுல அவனுக்கு இன்னும் எடம் வச்சிருந்தாங்க, ஆனா திரும்பிப் போக மொகம் இல்ல. திங்கக்கிழமை அவன் மாமா கூடக் கொழும்புக்குக் கப்பலேறி, அங்க ஒரு துணிக்கடையில துணி கிழிச்சுப் போடுறதுன்னு முடிவாயிருச்சு. ஆர்மோனியத்த விக்க ஆளும் பாத்துட்டான். படம் இங்க ஓடுனா எப்படியும் வெளிய தெரிஞ்சுரும், போற நேரத்துல ஊரு முன்னால, அதுலயும் அவன் அய்யா முன்னால, இன்னொரு தடவை அவமானம் வேண்டாமேன்னுதான் கெஞ்சுனான்.

அவன் அய்யா சந்தியாகு. அந்தக் கரையில அம்பாப் போட அவரை விட்டா ஆள் கெடையாது. வலை இழுக்கும்போது ஒருத்தர் பாட்டா ஒரு அடி எடுப்பாரு, கயிறு பிடிச்ச அத்தனை பேரும் பதில் சொல்லி இழுப்பாங்க. அதுதான் அம்பா. மகனுக்குத் தன் குரல் வாச்சிருக்குன்னு அவருக்கு அம்புட்டுப் பெருமை. அந்தக் குரல் கடலுக்கு வராம ரயிலேறிப் போயிருச்சுன்னு அம்புட்டுக் கோவம். அன்னையில இருந்து மகன்கிட்ட நேராப் பேசுறதில்ல. சோறு திங்கணும்னா பொண்டாட்டிகிட்ட, "அவனைத் திங்கச் சொல்லு"ம்பாரு. பொண்டாட்டி இல்லாட்டி வாசல்ல படுத்திருக்கிற நாய்கிட்டச் சொல்லுவாரு. மகன் பக்கத்துலயே நிப்பான்.

பெட்டி வந்துச்சு. எந்தப் பெட்டி வந்தாலும் ஒவ்வொரு ரீலயும் விரலுக்கு நடுவுல ஓட விட்டு, மிசின் பல்லு மாட்டுற ஓரத்து ஓட்டை கிழிஞ்சிருக்கா, ஒட்டு விட்டிருக்கான்னு தடவிப் பாக்குறது என் வழக்கம். சிறைப் பாட்டு இருந்த ரீலுல வரிசையாப் புது ஒட்டுக. டப்பாவுக்கு அடியில சின்னச் சின்னதாச் சுருட்டி நூல் கட்டுன துண்டுக. படம் இழுவையா இருந்தா கொட்டகைக்காரங்க வெட்டுறது சகஜம், அதனால நான் பெரிசா எடுத்துக்கல.

சனிக்கிழமை மொத ஆட்டம். கொட்டகைக்குக் கடலை கொண்டு வர்ற ஆரோக்கியம்கிற பொம்பளைக்கு அன்னைக்கு நல்ல ஏவாரம். சனம் கொறிச்சுத் தள்ளுச்சு. ஆனா படகு சீன் வந்ததும் ஒரு கூத்து நடந்துச்சு. கதாநாயகன் படகுல கட்டுன பாய் ஒரு பக்கம் பொடைச்சு நிக்குது, படகு எதிர்ப்பக்கமாப் போகுது! எங்கயோ கொளத்துல கயித்தக் கட்டி இழுத்திருக்கானுக போல. "ஏலே, இவன் காத்தையே எதுத்துப் போறான்லே!"ன்னு ஒருத்தன் கத்துனான். அவன் துடுப்புப் போட்ட லட்சணத்துக்கு, "ஒலக்கையால நெல்லுக் குத்துறான்"னு பொம்பளைப் பக்கத்துல இருந்து ஒரு குரல். கொட்டகை ஆடிப்போச்சு. அழ வேண்டிய சீனு, ஒரே சிரிப்பு.

மிக்கேலு என் கேபின்ல ஒளிஞ்சு நின்னான். சிறைப் பாட்டு வந்துச்சு, மூச்சு விடாம ஓடுச்சு, முடிஞ்சுச்சு. அவன் மொகம் செத்துப்போச்சு. "பாய், நடுவுல இருந்ததெல்லாம் எங்க?"ன்னான். அப்பத்தான் எனக்கு அந்தத் துண்டுக ஞாபகம் வந்துச்சு.

ஆட்டம் முடிஞ்சு தொலிய மிதிச்சுக்கிட்டு வந்த முதலாளிகிட்டத் துண்டுகளக் காட்டுனேன். "மொதலாளி, இத அந்தப் பாட்டுல வெட்டியிருக்காங்க. ஒட்டிரவா?"

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மொதலாளி. சத்தமே இல்ல."

"ஒண்ணுமில்லாதத எதுக்குய்யா ஒட்டணும்?"

மிக்கேலுதான் முன்னால வந்தான். "மொதலாளி, அவ சிறைக்குள்ள இருந்து கூப்பிடுறா. கூப்பிட்டுட்டுக் காத்திருக்கா. பதில் வரல. அப்புறம் மறுபடி கூப்பிடுறா. அந்தக் காத்திருக்கிறத வெட்டிட்டா, அவ சிறையிலயா இருக்கா? வீட்ல துணி தொவைச்சுக்கிட்டே பாடுற மாதிரில்ல இருக்கு!"

முதலாளி வெத்திலைய மெல்லுறத நிப்பாட்டுனாரு. போச்சுடா அல்லாவேன்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா மெல்ல ஆரம்பிச்சாரு. "நாளைக்கு ஒட்டி ஓட்டு. சனம் கத்துச்சுன்னா, தம்பி, மறுநாள் நீதான் கத்திரிய எடுத்து வெட்டணும். என் ஆபரேட்டர் வெட்ட மாட்டான். சம்மதமா?"

"சம்மதம்"னான். வெளிய வந்து என்கிட்டச் சொன்னான், "என் கையால வெட்டுனா, அதோட எல்லாம் முடிஞ்சுது பாய். அப்புறம் பேச்சே இல்ல, கொழும்புதான்."

ஞாயித்துக்கிழமை மிக்கேலு பூசை முடிச்சு வந்தான், ரெண்டு பேரும் வெளிச்சத்துல உக்காந்தோம். வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. எந்தத் துண்டு எங்க வரும்? பிலிமோட ஓரத்துல சத்தத்துக்குன்னு ஒரு கோடு ஓடும். சத்தம் இருந்தா அது நடுங்கும், இல்லாட்டி நேராப் போகும். இந்தத் துண்டுக எல்லாத்துலயும் நேர்கோடு, ஒண்ணுக்கொண்ணு அடையாளமே இல்ல. கண்ணு பூத்துப்போச்சு. அப்புறம் பாத்தா, சிறைக்குள்ள ஒரு மெழுகுவத்தி எரியுது. துண்டுக்குத் துண்டு அது கொறைஞ்சுக்கிட்டே வருது. உசரமான வத்தி மொதல்ல, கட்டை வத்தி பின்னால. ஒரு துண்டுல மட்டும் வத்தியே இல்ல, ஜன்னலும் கடலும்தான். அதுதான் எல்லாத்துலயும் நீளம். "ஒவ்வொரு தடவையும் கூடக் கொஞ்சம் காத்திருப்பா, அதான் கடைசி"ன்னான் மிக்கேலு.

பிளேடால ஓரத்தச் சுரண்டி, பிலிம் ஒட்டுற சிமெண்டு தடவி, அழுத்திப் பிடிச்சு, ஒட்டு காயுற வரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டு இருப்போம். அந்தச் சிமெண்டுக்கு ஒரு பழுத்த வாழைப்பழ வாசம். கடைசித் துண்டுல ஓட்டை வேற கிழிஞ்சிருந்துச்சு. நான் தெரிஞ்ச துஆ எல்லாம் ஓதுனேன், அவன் மாதாவைக் கூப்பிட்டான்.

சாயங்காலம் பாத்தா கொட்டகைக்கு முன்னால தேர்க்கூட்டம். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. காத்த எதுத்து ஓடுற படகப் பாத்துச் சிரிக்கணும்னு பாம்பன்ல இருந்தெல்லாம் நடந்து வந்திருக்கானுக. மெட்ராஸ் பத்திரிகை எழுதி வராத கூட்டம் எங்க ஆளுக நக்கலுக்கு வந்துருச்சு. அதுல ஒருத்தர் சந்தியாகு. சினிமாக் கொட்டகைப் பக்கமே தலை வச்சுப் படுக்காத மனுசன், "அந்தத் துடுப்புப் பிடிக்கத் தெரியாத பயல நானும் பாக்கணும்"னு துண்ட ஒதறிப் போட்டு முன்வரிசை மணல்ல உக்காந்துட்டாரு. மிக்கேலு கேபின் ஓட்டை வழியாப் பாத்துட்டு, "பாய், நான் போறேன்"னான். கையப் பிடிச்சு உக்கார வச்சேன். நாய் வேசம் போட்டாச்சு, இனி கொரைச்சுத்தான ஆகணும்.

படகு சீனுக்குச் சந்தியாகு சிரிச்ச சிரிப்பு கேபினுக்குக் கேட்டுச்சு. அப்புறம் அந்த ரீல மாட்டுனேன்.

திரையில அவ ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எடுத்தா: "கரையிலே யாரிருக்கா?"

நின்னுச்சு. எம் மிசினு ஓடுற சத்தம் மட்டும். ஒருத்தன் விசில் அடிச்சான். "ஏ பாய், சவுண்டு போச்சு!"

மறுபடி அவ, "கரையிலே யாரிருக்கா?" மறுபடி நின்னுச்சு. விசிலு நாலாச்சு. பின்னாலருந்து மணலு பறந்து வந்து கேபின் தகரத்துல விழுந்துச்சு. மிக்கேலு கண்ண மூடிக்கிட்டான். முதலாளி வாய் மெல்லல.

மூணாந்தடவை அவ கேட்டா. அப்பத்தான் முன்வரிசையில இருந்து வந்துச்சு அந்தக் குரலு:

"நாமிருக்கோம் ஏலேலோ!"

சந்தியாகு. வேணும்னு செய்யல அவரு. அம்பா விழுந்தா பதில் விழணும், பதில் விழாத குரல் நாதியத்த குரல்னு பொறந்ததுல இருந்து பழகுன தொண்டை. பொறுக்க மாட்டாம அதுவே சொல்லிருச்சு. அடுத்த அடி வந்துச்சு பாருங்க, ஆம்பளைப் பக்கம் மொத்தமும், "நாமிருக்கோம் ஏலேலோ!" அதுக்கடுத்த அடிக்குத் தட்டிக்கு அந்தப்பக்கம் பொம்பளைகளும் சேந்துக்கிட்டாங்க. சிறைக்குள்ள கெடக்குற அந்தப் பொண்ணு கேக்க, தங்கச்சிமடம் பதில் சொல்ல, கீத்தெல்லாம் அதிருது. கிழிஞ்ச ஓட்டை மிசினுக்குள்ள வந்தப்ப என் உசுரே விரல் நுனியில நின்னுச்சு. டக்குன்னு ஒரு சத்தம், தாண்டிருச்சு. அந்த நீளத் துண்டுல, அவ வாயே தொறக்காமக் கடலப் பாத்து நிக்கிற இடத்துல, ஊரே விடாமப் பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு, வெக்கம் என்ன இதுல.

அப்ப கேபின் ஓட்டை வழியாப் பாத்தேன். முதலாளி எந்திரிச்சு, நாற்காலியத் திருப்பிப் போட்டு, திரையப் பாத்து உக்காந்திருந்தாரு.

"ஒன்ஸ்மோரு!"ன்னு சனம் விடல. ரீலச் சுத்தி மறுபடி ஓட்டுனேன், மறுபடியும் ஓட்டுனேன். ஆட்டம் முடிஞ்சப்ப ஆரோக்கியம் கூடையத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. "ஏன் பாய், வாய் பூராவும் பாட்டுக்கே போயிருச்சுன்னா என் கடலைய எவன் திம்பான்? கூடை அப்படியே இருக்கு, நீயே தின்னு!" முதலாளி அன்னைக்கு அரிக்கேன் லைட்ட எடுக்கவே இல்ல.

கூட்டம் கலைஞ்ச பிறகு சந்தியாகு கேபின் வாசல்ல வந்து நின்னாரு. "பாய், அந்தப் படகு ஓட்டுனவன் எவன்?"

"மெட்ராஸ் நடிகருங்க."

"கடல்ல தள்ளணும் அவனை. பாட்டுக் கட்டுனவன்?"

எனக்குப் பின்னால மிக்கேலு ரீல் சுத்திக்கிட்டு இருந்தவன் கைய நிப்பாட்டிட்டான். சந்தியாகு அவனப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "அந்தப் பாட்டுல வர்ற ரெண்டாவது இழுவை என்னுது. கடைசி வலை ஏத்தும்போது நான் மட்டும் போடுறது. அத எடுத்துட்டுப் போக ஒரே ஒருத்தனாலதான் முடியும்." துண்டத் தோள்ல போட்டாரு. "பாய், அவன்கிட்டச் சொல்லு. கடைசி அடிய இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கணும்." நாலெட்டுப் போயித் திரும்பி வந்தாரு. "கொழும்புல துணிக்கடையில எவனும் அம்பாக் கேக்க மாட்டான்னும் சொல்லு."

"மிக்கேலு, ஒங்க அய்யா என்ன சொல்றாருன்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"கேட்டுச்சு பாய்"ன்னான். அழுகுறானா சிரிக்கிறானான்னு அவனுக்கே தெரியல.

மறுநாள் அவன் மாமா மட்டும் கொழும்புக் கப்பலப் பிடிக்கத் தனுஷ்கோடிப் பக்கம் போற ரயில்ல ஏறுனாரு. மிக்கேலு மெட்ராஸ் ரயிலுக்கு நின்னான். ஆர்மோனியப் பெட்டியச் சந்தியாகுதான் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. ரயில் பெட்டியில ஏத்தி வச்சதும் என் மூலமா ஆரம்பிச்சாரு. "சாப்பாட்டுப் பொட்டலத்த இப்பவே தின்னுறாம வச்சுத் திங்கச் சொல்லு." சொன்னேன். "மேலுக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லு." சொன்னேன். கூஜாவுல தண்ணி இல்லன்னு நான் குழாயடிக்கு ஓடுனேன். அதுக்குள்ள ரயில் ஊதிருச்சு.

நான் தண்ணியோட ஓடி வாரேன், ரயில் நகருது. சந்தியாகு என்னையத் தேடி அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறாரு. இன்னும் ஏதோ சொல்லணும், சொல்ல ஆளில்ல. ரயில் வேகம் எடுத்துச்சு. மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓட ஆரம்பிச்சாரு.

"ஏலே மிக்கேலு! அடுத்த படத்துலயாவது படகு ஓட்ட என்னையக் கூப்பிடச் சொல்லுலே!"

ஜன்னல் வழியா தலை, கை எல்லாத்தையும் நீட்டிக்கிட்டு அவன் கத்துனான், "சரிங்கய்யா!"

அந்தப் படம் எங்க கரையத் தாண்டி எங்கயும் ஓடல, அதையும் சொல்லிரணும். மிக்கேலு அப்புறம் எத்தனையோ படத்துக்கு வாசிச்சான், பாட்டுக் கட்டுனான். சந்தியாகுவ எந்தப் படத்துலயும் படகு ஓட்ட யாரும் கூப்பிடல. ஆனா கடிதாசி வரும்போதெல்லாம் சந்தியாகு அதத் தூக்கிக்கிட்டு கொட்டகைக்கு வந்துருவாரு, நான் படிச்சுச் சொல்லுவேன். முடிஞ்சதும் என்னைய வெளிய போகச் சொல்லிட்டு, மைக்கக் கையில வாங்கிக் கடலப் பாத்து அம்பாவுல ஒரு அடி எடுப்பாரு. கொழா ஸ்பீக்கர்ல அது ஊரெல்லாம் கேக்கும். வலை காயப்போடுறவங்க, மீன் ஆயுறவங்க, எல்லாரும் அங்கங்க இருந்தபடியே பதில் சொல்லுவாங்க.